மதுரை விருந்துக்கு எந்த நறுமண ஒயின்? கெவூர்ட்ஸ்ட்ராமினரும் அதன் போட்டியாளர்களும்

பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர் நகரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தன்னுடன் பணிபுரியும் இருவரையும் மதுரைக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், காணும் பொங்கலுக்கு மறுநாள் இரவு நம் வீட்டு மாடியில் அவர்களுக்குச் சாப்பாடு என்றும் முடிவு செய்துவிட்டு, "மாமா, எந்த ஒயின் வாங்கிட்டு வரட்டும், நீங்களே சொல்லிருங்க" என்று கேட்டான். நண்பர்கள் முன்பே கிளம்பிக் கேரளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதால் பாட்டில் கொண்டுவரும் பொறுப்பு அவன் ஒருவனுடையது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டு வரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவதை எடுத்தால் வரம்பு தாண்டிவிடும். ஆகவே இரண்டே பாட்டில்கள். ஓட்டல் உணவகப் பிரிவில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால்தான் என்னிடம் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை, இதே நிலையில் இருக்கும் பிறருக்கும் பயன்படும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

அவன் மனத்தில் முதலில் இருந்த பெயர் கெவூர்ட்ஸ்ட்ராமினர். அது இயல்பே, ஸ்ட்ராஸ்பூர் அமைந்திருக்கும் அல்சாஸ் வட்டாரத்தின் பெருமையே அந்தத் திராட்சைதான். இத்தாலியின் வடக்கே, தென் டிரோல் பகுதியிலுள்ள டிராமின் என்னும் சிற்றூரின் பெயரைக் கொண்ட டிராமினர் திராட்சையின் மணம் மிகுந்த திரிபு இது. பெயரின் முன்னொட்டுக்கு ஜெர்மன் மொழியில் மசாலா என்று பொருள். அல்சாஸில் டிராமினர் என்ற பழைய பெயரைக் கைவிட்டு இதையே அதிகாரப்பூர்வமான பெயராக 1973-இல் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே கிராண்ட் க்ரூ என்று தரம் பிரிக்கப்பட்ட 51 தோட்டங்களில் பொதுவாக அனுமதிக்கப்படும் நான்கு உயர்குல ரகங்களில் இதுவும் ஒன்று. ரீஸ்லிங், பினோ கிரி, மஸ்கட் ஆகியவை மற்ற மூன்று. வெள்ளை ஒயின் தரும் ரகம் என்றாலும் பழத்தின் தோல் வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும்.

இதன் மணத்தை விளக்கும்போது மேல்நாட்டார் தவறாமல் லிச்சிப் பழத்தையும் ரோஜாவையும் சொல்வார்கள். அது வெறும் வருணனை அன்று. ரோஸ் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. கெவூர்ட்ஸ்ட்ராமினரிலும் அதுவே முதன்மையான மணம். லிச்சி நம் ஊரில் ஆண்டுக்குச் சில வாரங்கள் எட்டிப்பார்க்கும் பழம் என்பதால் மதுரைக்காரருக்கு அந்த உவமை அவ்வளவாகப் பதியாது. நான் வேறு வழியில் சொல்வேன்: கல்யாண மண்டப வாசலில் செம்பிலிருந்து நம் மேல் தெளிக்கப்படும் பன்னீர், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் பன்னீர்த் திராட்சையின் தோலைக் கடித்தவுடன் மூக்கில் ஏறும் வாசனை, இவை இரண்டையும் சேர்த்து அதன் மேல் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப்போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

பன்னீர்த் திராட்சையை நான் அலங்காரத்துக்காக இழுக்கவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, உலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் ரகம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அது கறுப்புத் திராட்சை என்றாலும் அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட் என்னும் வெள்ளை ரகம். மஸ்கட் குடும்பத்துக்கும் கெவூர்ட்ஸ்ட்ராமினருக்கும் மணம் தருபவை லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன் வகைச் சேர்மங்களே. ஆகையால் மண ஒயின் என்றால் நமக்கு அந்நியமான ஒன்று என்று தயங்க வேண்டியதில்லை; அந்த வாசனையைத் தேனிச் சாலையோரத் தள்ளுவண்டியிலிருந்தே நம் மூக்கு அறிந்து வைத்திருக்கிறது.

ஆனால் மணம் பிடித்திருக்கிறது என்பதும் நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகும் என்பதும் வெவ்வேறு. இந்தத் திராட்சையில் மணம் முற்றும்வரை காத்திருந்து பறித்தால் அதற்குள் பழத்தின் புளிப்பு இறங்கிவிடும், சர்க்கரை ஏறிவிடும். அந்தச் சர்க்கரையே நொதித்து ஆல்கஹாலாக மாறுவதால் 13 முதல் 14 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் கொண்ட, புளிப்பு குறைந்த, நாக்கில் சற்றே எண்ணெய்ப் பதமாகத் தங்கும் ஒயின் கிடைக்கிறது. நிறமேறிய தோலிலிருந்து இறங்கும் பொருள்களால் முடிவில் மெல்லிய கசப்பும் உண்டு. குளிர்ந்த ஊரில், பன்றி இறைச்சியும் நெடியேறிய பாலாடைக்கட்டியும் இருக்கும் மேசையில் இவை குறைகளாகத் தெரிவதில்லை. மதுரை மேசையில் குறைந்த புளிப்பு, ஏறிய ஆல்கஹால், முடிவுக் கசப்பு ஆகிய மூன்றுமே சோதனைக்கு உள்ளாகின்றன.

புளிப்பிலிருந்து தொடங்குகிறேன். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். விருந்தினர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த கெவூர்ட்ஸ்ட்ராமினரை, வீட்டில் அன்று வைத்திருந்த அயிரை மீன் குழம்போடு ஊற்றிப் பரிமாறினேன். புளிக்கரைசலில் கொதித்த அந்தக் குழம்பு ஒரு வாய் உள்ளே போனதும், சற்று முன்பு வரை ரோஜாத் தோட்டமாக இருந்த ஒயின், சோப்புக் கரைத்த தண்ணீர்போல ஆகிவிட்டது. குழம்பிலும் குறையில்லை, ஒயினிலும் குறையில்லை. சேர்த்து வைத்த எனக்குத்தான் புத்தி இல்லை.

அடுத்தது காரம். மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசினை உணர்வதும் சுடுபொருளின் வெப்பத்தை உணர்வதும் நம் நரம்பில் தூண்டலை வாங்கும் ஒரே ஏற்பிதான். அதைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸில் விழித்துக்கொள்ளும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் சுமார் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. உடலின் இயல்பான வெப்பமே அதைவிட அதிகம். ஏற்கெனவே சுக்காவின் மிளகாயால் தூண்டப்பட்டிருக்கும் வாயில் 14 சதவீத ஆல்கஹால் இறங்கும்போது எரிச்சல் அடங்காமல் ஏறுவதற்கு இதுவே காரணம். தண்ணீர் விட்டு அணைப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணெய் விடும் வேலை அது. ஒயினின் இறுதிக் கசப்பையும் காரம் தூக்கிக் காட்டும்.

இப்படிச் சொன்னதால் கெவூர்ட்ஸ்ட்ராமினரை ஒதுக்கிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். புளியும் மிளகாயும் முன்னுக்கு நிற்காமல், சோம்பு, பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி, கசகசா ஆகியவை பேசும் உணவுகள் நம் சமையலில் நிறையவே இருக்கின்றன. அங்கே இதற்கு இணையான ஒயின் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சோம்பு தூக்கலாக அரைத்துப் பொரித்த கோலா உருண்டை, தேங்காயும் முந்திரியும் அரைத்த வெள்ளைக் குருமா, நெய்ச்சோறு, தேங்காய்ப்பால் சாதம், வெண்ணெயில் ஊறிய பன் பரோட்டா ஆகியவற்றோடு வைத்துப் பாருங்கள். அங்கே இதன் எண்ணெய்ப் பதமே ஒரு குணமாகிறது. தேங்காயின் கொழுப்புக்கு மெலிந்த ஒயின் ஈடுகொடுக்காது. புளிப்பு இல்லாத உணவென்பதால் ஒயினின் புளிப்புக் குறைவும் கண்ணில் படாது. பரோட்டாவுக்குச் சால்னாவை ஊற்றிவிட்டால் மட்டும் கணக்கு மாறிவிடும்.

பாட்டில் வாங்கும்போது இனிப்பின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். அல்சாஸ் ஒயின்களில் ஒரு காலத்தில் இதை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. வாங்கித் திறந்த பிறகு தித்திப்பாக இருப்பதைக் கண்டு திகைத்தவர்கள் பலர். 2021 அறுவடை முதல் செக், டெமி செக், மொவல்யோ, டூ என்ற நான்கு சொற்களில் ஒன்றை மேலொட்டில் அச்சிட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் செக். அதற்கு மேல் 12 வரை டெமி செக். 45 வரை மொவல்யோ. அதையும் தாண்டினால் டூ. நம் உணவுக்கு டெமி செக் போதும். முழு வறட்சியான, அதாவது இனிப்பே தெரியாத செக், லேசான காரத்துக்கே கசந்துவிடும். மொவல்யோ இரண்டாவது கோலா உருண்டைக்குள் திகட்டிவிடும்.

இனி ரீஸ்லிங். இந்த ஒப்பீட்டில் கெவூர்ட்ஸ்ட்ராமினருக்கு நேர் எதிரே நிற்பது அதுதான். பழம் முற்றிய பிறகும் புளிப்பை விடாத ரகம். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச் என்று மணம் மெலிந்தும் கூர்ந்தும் இருக்கும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளில் விளைவதிலிருந்து எடுக்கும் காபினெட் வகையில், சர்க்கரை முழுவதும் நொதிக்கும் முன்பே நிறுத்திவிடுவதால், ஆல்கஹால் பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதத்துக்குள் அடங்கும், கொஞ்சம் இனிப்பும் மிஞ்சும். மதுரைச் சாப்பாடு கேட்பதை அப்படியே பட்டியல் போட்டுக் கொடுத்ததுபோல இருக்கிறது இந்த அமைப்பு: புளிக்கு எதிராகப் புளிப்பு, காரத்துக்கு எதிராக இனிப்பு, எரிச்சலைக் கிளப்பாத ஆல்கஹால். மட்டன் சுக்கா, கறி தோசை, மிளகுத் தூள் மிதக்கும் எலும்பு வறுவல், தயிரும் எலுமிச்சையும் சேர்ந்த சீரகச் சம்பா பிரியாணி, ஏன், அந்த அயிரை மீன் குழம்புகூட இதற்கு அடங்கும். குழம்போடு ஒயின் தேவையா என்று என் மனைவி கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் வரும் விருந்தினர் மோர் கேட்கப்போவதில்லை.

ரீஸ்லிங் வாங்குவதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேலொட்டில் டிரொக்கன் என்று போட்டிருந்தால் அது வறண்டது. லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இராது. நமக்கு வேண்டியது அந்தச் சொல் இல்லாத காபினெட். என் மருமகனுக்கு இதில் சிரமமே இல்லை. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து டிராம் ஏறினால் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகரில் இறங்கிவிடலாம். பல ஆண்டுகள் முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை எழும். அதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு, முதன்முறையாகக் குடிப்பவர் பாட்டில் கெட்டுவிட்டதாகவே நினைப்பார். எனவே அண்மை ஆண்டுப் பாட்டிலாக வாங்கச் சொன்னேன்.

மஸ்கட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நொதித்த பிறகும் திராட்சைப் பழமாகவே மணக்கும் ரகம் அது ஒன்றுதான். இத்தாலியின் பியட்மான்ட் வட்டாரத்து மொஸ்காட்டோ டி'ஆஸ்டி, சுமார் 5 சதவீத ஆல்கஹாலோடு, மென்மையான நுரையோடு, இனிப்பாக இருக்கும். ஒயின் பழக்கமே இல்லாதவர்களுக்கு முதல் மிடறிலேயே பிடித்துப்போகும். ஆனால் சாப்பாட்டின் நடுவே அதற்கு வேலை இல்லை. விருந்தின் கடைசியில் பழத்தோடு கொடுக்கலாம். ஜிகர்தண்டாவோடு கொடுக்கவே கூடாது. பாயசம் குடித்த வாயில் காப்பி கசப்பதுபோல, தன்னைவிட இனிப்பான பண்டத்துக்கு முன்னால் எந்த ஒயினும் காடியாகத்தான் தெரியும். நன்னாரிச் சர்பத்தும் பால்கோவாப் பதத்தில் சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும் ஏறிய ஜிகர்தண்டாவுக்குத் துணை எதுவும் வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது? உள்நாட்டில் நாசிக் வட்டாரத்திலும் பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியிலும் மண ரகங்களை வளர்த்து ஒயின் எடுக்கிறார்கள். அவற்றுள் பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த வியோன்யே குறிப்பிடத்தக்கது. 1960-களில் கொந்த்ரியூ என்னும் ஊரைச் சுற்றிச் சில ஹெக்டேரில் மட்டுமே எஞ்சி அழியும் நிலைக்குப் போன ரகம், இன்று நம் நாட்டு வெயிலிலும் விளைகிறது. ஆப்ரிகாட் பழமும் வெள்ளைப் பூக்களும் கலந்த மணம். புளிப்புக் குறைவு, ஆல்கஹால் அதிகம் என்பதில் இதுவும் கெவூர்ட்ஸ்ட்ராமினரின் உறவுக்காரரே. எனவே கோலா, குருமா, நெய்ச்சோறு பக்கம்தான் இதன் இடமும். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், உயர்தரச் சரக்குக்கென நடத்தப்படும் எலைட் கடைகளில்தான் கேட்டுப்பார்க்க வேண்டும். பொங்கலை நம்பிக் காத்திருப்பவர்கள், திருவள்ளுவர் தினத்தன்று கடை திறக்காது என்பதை மறக்க வேண்டாம். ஒரு காரியம் மட்டும் செய்யக் கூடாது: கடையின் மேலடுக்கில், விளக்குக்கு நேர் கீழே, கோடை முழுதும் நின்ற பாட்டிலை வாங்குவது. மண ஒயின் வெயிலில் முதலில் இழப்பது மணத்தைத்தான். மீதி இருப்பது வெறும் ஆல்கஹால்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரே பாட்டிலுக்குத்தான் இடம் என்றால் ரீஸ்லிங் காபினெட், யோசிக்கவே வேண்டாம். இரண்டுக்கு இடம் இருந்தால் இரண்டாவது கெவூர்ட்ஸ்ட்ராமினர், அதுவும் சமையலை அதற்கேற்ப இரண்டு பந்தியாகப் பிரிக்க மனம் இருந்தால் மட்டும். முதலில் கோலா உருண்டையும் பன் பரோட்டாவும் வெள்ளைக் குருமாவும் கெவூர்ட்ஸ்ட்ராமினரோடு. பிறகு சுக்காவும் கறி தோசையும் குழம்பும் ரீஸ்லிங்கோடு. மெலிந்ததை முன்னும் கனத்ததைப் பின்னும் ஊற்ற வேண்டும் என்ற ஓட்டல் விதிக்கு இது மாறானது. நம் சாப்பாட்டில் காரம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் அந்த விதியை இங்கே மீறலாம். எல்லாவற்றையும் ஒரே இலையில் ஒரே நேரத்தில் பரிமாறும் வீடு என்றால் கெவூர்ட்ஸ்ட்ராமினரை விட்டுவிட்டு இரண்டும் ரீஸ்லிங்காகவே வாங்கிவிடுவது நல்லது.

பரிமாறும் முறையில்தான் மதுரைக்கே உரிய சிக்கல்கள் வருகின்றன. கெவூர்ட்ஸ்ட்ராமினரை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ரீஸ்லிங்கை அதைவிட ஓரிரு டிகிரி குறைவாகவும் குடிப்பது வழக்கம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 டிகிரியில் இருக்கும். அதிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் உறங்கிக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் வெளியே வையுங்கள் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது குளிர்நாட்டு அறைக்கு. இங்கே தை மாத இரவில் பத்து நிமிடம் போதும், சித்திரையில் ஊற்றி முடிப்பதற்குள் தானாகவே சரியாகிவிடும். பெட்டியில் இடம் இல்லையென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் போட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் கட்டியில் செருகி வைத்தால் நேரம் பிடிக்கும், ஏனெனில் கட்டிகளுக்கு நடுவே இருப்பது காற்று. ஒரு தடவைக்கு 75 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். கோப்பையில் நிற்கும் ஒயின் நம் ஊரில் வெகுவிரைவில் வெதுவெதுப்பாகி, கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்றால் ஆல்கஹால் நெடி மேலோங்கிவிடும். கோப்பை வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையாக இருக்க வேண்டும், காம்பைப் பிடித்துக் குடிக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் மணம் தங்காது.

இன்னொன்றைச் சொன்னால் மதுரைக்காரர்கள் என் மேல் கோபப்படலாம். மேசை மேல் மல்லிகை வைக்காதீர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியின் வாசனைக்குள்ளும் லினலூல் இருக்கிறது. பந்து பந்தாக அதைச் சுற்றி வைத்துவிட்டு, அதே குடும்பத்து மணத்தைக் கோப்பைக்குள் தேடினால் மூக்குக்கு எதுவும் தட்டாது. விருந்தினரை வரவேற்கத் தலையில் வைத்துக்கொள்ளச் சரம் கொடுப்பதாக இருந்தால் சாப்பாடு முடிந்து விடைபெறும்போது கொடுக்கலாம். ஊதுவத்திக்கும் கொசுவத்திக்கும் இதே விதி. பின்னதற்குப் பதிலாக மாடியில் இரண்டு மின்விசிறிகளை ஓடவிட உத்தேசம்.

குடிக்காதவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் வீட்டு விருந்தில் அவர்கள்தான் பெரும்பான்மை. 21 வயது நிரம்பாத பிள்ளைகளும் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர்களும் அதில் அடக்கம். அவர்களுக்குக் குளிர்பானப் பாட்டிலைத் திறந்து கொடுப்பதைவிட, காலையில் பன்னீர்த் திராட்சை வாங்கி, தோலோடு கையால் பிசைந்து, கொதிக்கவிடாமல் வடிகட்டி, சர்க்கரை சேர்க்காமல் குளிரவைத்து, அதே கண்ணாடிக் கோப்பையில் ஊற்றலாம். மணம் தோலில் இருக்கிறது. கொதித்தால் ஆவியோடு போய்விடும். அல்சாஸ்காரர்கள் இருவரும் தங்கள் கோப்பையை வைத்துவிட்டு அதைத்தான் கேட்பார்கள் என்று என் மனைவி சொல்கிறார். மறுக்கத் தோன்றவில்லை.

மருமகனுக்கு எழுதிய செய்தியில் கடைசியாக மூன்று குறிப்புகள் சேர்த்தேன். ஒயின் இரண்டையும் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவத்தை விடமாட்டார்கள். சென்னையில் இறங்கி வாடகைக் காரில் வருவதானால் பாட்டில்களைப் பின்பெட்டியில் போடாமல், குளிர்ந்த காற்று படும்படி காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நடுப்பகலில் அந்தப் பெட்டி அடுப்பைப் போலக் காயும். வந்ததும் வராததுமாகத் திறக்காமல் இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓய்வாக விட வேண்டும். விருந்தில் மிஞ்சினால் மூடித் திரும்ப உள்ளே வைக்கலாம்; ரீஸ்லிங் மூன்று நாள் தாங்கும், கெவூர்ட்ஸ்ட்ராமினர் மறுநாளே மணம் தளரத் தொடங்கிவிடும் என்பதால் அதை அன்றிரவே முடித்துவிடுவதாக அவன் பதில் அனுப்பியிருக்கிறான்.